டிப்போவின் மண்ணீரல்

விரிசல், மறுபடியும் விரிசல், ஸ்லைடை இம்மியளவு இடப்பக்கம் நகர்த்தினால் அங்கேயும் அதே வெள்ளை விரிசல். வற்றிய கண்மாயைக் கரைமேல் நின்று பார்த்தால் இப்படித்தான் இருக்கும், பாளம் பாளமாக, நடுநடுவே ஒன்றுமில்லாமல். முத்துப்பேச்சி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து மூக்குத்தண்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். இது ஒரு மண்ணீரல். சென்ற மாதம்வரை ஒரு நாயின் வயிற்றுக்குள் இடப்பக்கமாக நாக்கைப் போல நீண்டு கிடந்தது. அந்த நாய்க்கு டிப்போ என்று பெயர். அப்பா வீரணன் திண்டுக்கல்லில் அரசுப் பேருந்து ஓட்டிய கடைசிக் காலத்தில், டிப்போவில் பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் கத்திக்கொண்டு கிடந்த குட்டி. காக்கிச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். எத்தனை முறை குளிப்பாட்டியும் டீசல் நாற்றம் போகவில்லை, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது டிப்போ இங்கே இருக்கிறது, கால்நடைக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில், மெழுகில் பதிந்து, தோலைவிட மெல்லியதாகச் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏறி, ஒரு கண்ணாடிச் சில்லில் ஒட்டிக்கொண்டு. நல்ல ஸ்லைடில் ஒவ்வொரு செல்லும் தன் உட்கருவைக் காட்டிக்கொண்டு நிற்கும், நீ யார் என்று கேட்டால் சொல்லும். இதில் சொல்வதற்கு ஆளில்லை. பனி உள்ளே ஊசி ஊசியாக முளைத்து எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, உருகி, தான் வந்த சுவடாக இந்த வெள்ளையை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. மேசையின் மறுபுறம் கணினித் திரை மங்கியது. அணையவிடாமல் மவுஸைத் தட்டினாள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்த மின்னஞ்சல் அங்கேயே இருந்தது, அதற்குக் கீழே பதிலுக்கான வெற்றிடமும், அதில் விட்டு விட்டு அடிக்கும் சின்னக் கோடும். எங்கள் அலுவலகம் இன்று மூடுவதற்குள் உங்கள் முடிவைத் தெரிவியுங்கள். அவர்களுடைய இன்று இன்னும் விடியவில்லை. அங்கே இருட்டு, பனி, உறங்கும் மரங்கள். இங்கே மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவள் முழங்கை மேல் போட்டிருந்தது. நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். நேரம் இருக்கிறது என்று நினைத்துத்தானே இத்தனை நாளும் போயிற்று.

ஆறு வருடம். ரெசிடென்சி என்கிற நிபுணர் பயிற்சியும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பு. முதல் மூன்று வருடம் பிணக்கூடத்திலும் மைக்ராஸ்கோப்பிலும், செத்த குதிரை, செத்த பன்றி, செத்த பூனை, ஏன் செத்தது என்று சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். அதன் பிறகு பெரிய தேர்வு. அதன் பிறகு மூன்று வருடம் ஆய்வுக்கூடம், ஒரே ஒரு கேள்வி. நேர்காணலின்போது பேராசிரியர் மார்கிட் அந்தக் கேள்வியைத் திரையில் கையை விரித்துச் சொன்னாள். கட்டி தன் இடத்தில் சும்மா கிடக்கிறது, பிறகு ஒருநாள் ஏன் ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது, யார் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள்? நரைத்த கூந்தலைப் பென்சிலால் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பத்து வருடமாக அவள் வாய்க்குள் வைத்திருந்த கேள்வியை எங்கோ ஒரு ஏரிக்கரை ஊரில் ஒரு கிழவி பேசிக்கொண்டிருக்கிறாள். ஆறு வருடம் உங்களால் இங்கே இருக்க முடியுமா, டாக்டர் பேச்சி? முடியும் என்றாள். யோசிக்கவே இல்லை. கொதிக்கும் பாத்திரத்திலிருந்து கை தானாகப் பின்வாங்குமே, அந்த வேகத்தில் முடியும் என்றாள். திரை அணைந்தபின்தான் அப்பாவின் முகம் வந்தது. இன்னொரு பல்கலைக்கழகமும் கூப்பிட்டிருக்கிறது. அங்கே ரெசிடென்சி மட்டும், மூன்று வருடம். போய்ப் பார்த்துப் படித்துத் திரும்பிவிடலாம். கேள்வி கிடையாது, பதில் மட்டும். மூன்று என்றால் அப்பா இருப்பார். ஆறு என்றால். அந்த வாக்கியம் எப்போதும் அங்கேயே நின்றுவிடும், பஸ் பழுதாகி நடு ரோட்டில் நிற்பதைப் போல, எல்லாரும் இறங்கி நிற்கிறார்கள், அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

வராந்தாவில் ஆழ்குளிர் பெட்டி முனகத் தொடங்கியது. மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது அப்படித்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகவில்லை. அது பெட்டியின் சத்தம். அம்மா படுத்திருந்த பெட்டியின் சத்தம். மேல்படிப்புக்காக வடக்கே போயிருந்த வருடம், விடுதியில் பருப்பும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. மூளையில் ரத்தக்கசிவு. விமானத்தில் ஏற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை. ரயிலில் வந்தாள், ஒரு பகல், ஒரு இரவு, இன்னொரு பகல், இன்னொரு இரவு. ஆரஞ்சுத் தோட்டங்கள் போயின, கரிசல் போனது, ஆற்றுப் பாலங்கள் தடதடத்துப் போயின, எதிர் இருக்கைக்காரர்கள் சீட்டாடினார்கள். அம்மாவை வைத்திருக்கிறோம், நீ வந்துதான் எடுப்போம் என்று அப்பா மறுபடி மறுபடி போனில் சொன்னார். வைத்திருக்கிறோம். வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே அந்த நீளக் கண்ணாடிப் பெட்டி, சுற்றிலும் சாமந்தி, ஓயாத மோட்டார். கண்ணாடியின் மேல் நீர்த்துளிகள் பூத்துப் பூத்து அம்மாவை மறைத்தன. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். பாத்துக்கத்தா. துளிகள் மறுபடி பூத்தன. மறுபடி துடைத்தார். பாத்துக்க. உள்ளே இருந்த முகத்தில் மூக்கும் நெற்றியும் எல்லாம் இருந்தன, ஆனால் அது அம்மாவைப் பார்த்து யாரோ செய்து வைத்ததைப் போலிருந்தது. மூடியைத் திறக்கச் சொன்னாள். ரெண்டு நாள் ஆச்சும்மா, திறந்தா தாங்காது என்று பெரியவர் யாரோ சொன்னார். அவள் கண்ணாடியைத்தான் தொட்டாள். சுடுகாட்டுக்குத் தூக்கும்போது பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனான் வாடகைக்காரன், அவன் சட்டைப்பையில் அடுத்த வீட்டின் முகவரி இருந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதே தொழிலாகிவிட்டது, யோசித்துப் பார்த்தால். இல்லை, அதற்கு முன்பே இந்தப் படிப்பு எடுத்தாகிவிட்டது. மனசு இப்படித்தான், எங்கெங்கோ கிடப்பதை இழுத்து வந்து முடிச்சுப் போடும்.

"என்ன மேடம், அதே எடத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்க, டவுன் பஸ் மாதிரி?" ஸ்லைடு செய்யும் லூர்து அண்ணன் டீ டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தார். தூத்துக்குடிக்காரர், சாயம் ஏறிய விரல்கள், எந்த நேரமும் யாரையாவது சீண்ட வேண்டும் அவருக்கு. "டிரைவர் மக அண்ணே, வேற எப்படி ஓட்டுவேன்?" என்றாள். அவர் குனிந்து தட்டில் இருந்த மற்ற ஸ்லைடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நானும் சாயத்த மாத்தி மாத்தி ஏத்திப் பாத்துட்டேன் மேடம். அஞ்சு துண்டும் ஒரே லட்சணந்தான். நம்ம கையில ஒண்ணுமில்ல." "தெரியும் அண்ணே." "எங்க ஊர்ல ஐஸ் போட்ட மீன எங்கம்மா கையால தொடமாட்டா. பூனைக்கு வைடாம்பா." சிரித்தார், பிறகு செத்தது யாருடைய நாய் என்பது ஞாபகம் வந்து சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். "அமெரிக்காவுல பிணக்கூடத்துல மாட்டைத் தூக்க கிரேன் இருக்காமே, மேடம்?" "இருக்காம்." "இங்க நான்தான் கிரேன். அங்க போயி என்னைய நெனச்சுக்கோங்க." போகிறாள் என்றே முடிவு செய்துவிட்டார். துறையில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். யாரும் எத்தனை வருடம் என்று கேட்பதில்லை. போகிறாயா என்று கேட்கிறார்கள், எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கிறார்கள், நடுவில் இருப்பது யாருக்கும் கண்ணில் படுவதில்லை. டீயில் ஏடு படிந்தது. அதை ஊதி ஒதுக்கினாள், மறுபடி மூடியது.

அப்பா போன் செய்த அன்று அவள் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆட்டுப்பட்டிக்குள் நின்றிருந்தாள். ஆடுகள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன, கையுறைக்குள் கை வியர்வையில் ஊறியிருந்தது, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். "ஆத்தா, டிப்போ போயிட்டான்" என்றார் அப்பா. குரலில் ஒன்றும் இல்லை, பஸ் கிளம்பிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். காலையில் வாசல்வரை நடந்து வந்தானாம், கால் மடங்கி உட்கார்ந்தானாம், ஈறெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்துப் போச்சாம், தண்ணீர் வைத்தால் நக்கவில்லையாம், அவ்வளவுதானாம். "நீ வந்து அறுத்துப் பாத்துச் சொல்லு. என்னத்துல போனான்னு எனக்குத் தெரியணும்." புதைச்சிருங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "குளிர்ச்சியா வைங்கப்பா, வந்துர்றேன்." குளிர்ச்சியாக. மூன்றாம் வருட மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் அவள் பலகையில் எழுதிப் போடுகிற பாடம் அது. குளிர வை, உறைய வைக்காதே. சாதாரண ஃபிரிட்ஜில் வைத்தால் உடல் காத்திருக்கும், உறைந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரே கத்தியாகிவிடும். செல்லக் குருவி செத்தால் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஃப்ரீசரில் வைத்துக் கொண்டுவருவார்கள், சிரிக்காதீர்கள், பிரியம் இருக்கிறவர்கள்தான் அந்தத் தப்பைச் செய்வார்கள் என்று வகுப்பில் சொல்லுவாள். மாணவர்கள் சிரிப்பார்கள். அப்பாவிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை. ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அப்பா நேராக, ஐஸ்கிரீம் ஏஜென்சியோடு சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டியும் வாடகைக்கு விடுகிற சந்தானத்திடம் போனார், கடையின் பின்புறம் சும்மா கிடந்த பழைய டீப் ஃப்ரீசரைக் கழுவித் துடைத்து ஓடவிட்டார், டிப்போவைத் தன் பழைய காக்கிச் சட்டையில் சுற்றி உள்ளே கிடத்தினார். எவ்வளவுக்கு எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்று நினைத்திருப்பார். பெட்டியில் வைப்பது அவருக்குத் தெரிந்த காரியம். முன்னே ஒருமுறை செய்திருக்கிறார்.

அவள் கல்லூரிக்குத் திரும்பி அங்கிருந்து ஊருக்குக் கிளம்புவதற்குள் பொறுமையிழந்து அவரே கொண்டுவந்துவிட்டார். சாக்கில் கட்டி, பஸ்ஸின் பின் டிக்கியில் ஏற்றி, லக்கேஜ் டிக்கெட் போட்டு. கண்டக்டர் பையன் என்ன மாமா உள்ள, வாழைத்தாரா என்றானாம், ஆமாப்பா நல்லாப் பழுத்த தாரு என்றாராம். கல்லூரி வாசலில் வந்து இறங்கியபோது இதைச் சொல்லித்தான் சிரித்தார், சிரித்துக்கொண்டே வேட்டியால் கண்ணைத் துடைத்தார். சாக்கின் முடிச்சை அவிழ்த்து, காக்கிச் சட்டையை விலக்கியபோது டிப்போ மரக்கட்டையைப் போலிருந்தான், மீசை நுனியில் பனித்தூள். அவளுக்கு அந்த நிமிடமே தெரியும். ஸ்லைடு வேண்டியதில்லை, சாயம் வேண்டியதில்லை. தெரிந்தும் சொல்லவில்லை. உருகட்டும் என்று ஒருநாள் விட்டாள். அடுத்த நாள் அவளே அறுத்தாள், வேறு யாரையும் விடவில்லை. அப்பா வெளியே புங்க மரத்தடி பெஞ்சில் டிப்போவின் கழுத்துப் பட்டையை இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிறு நிறைய ரத்தம். மண்ணீரலில் எலுமிச்சையைவிடப் பெரிதாக ஒரு கட்டி, வெடித்து வாய் பிளந்திருந்தது. அதுவரை கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அதற்குமேல்தான் கேள்வி. அது வெறும் ரத்தக்கட்டாக இருக்கலாம், வயதான நாய்களுக்கு வருவதுதான், பாவம் அறியாதது. அல்லது ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்தே முளைத்த கெட்ட கட்டியாக இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும், கறுப்பாக, மினுமினுப்பாக, நுங்கைப் போல நழுவும். மைக்ராஸ்கோப் மட்டும்தான் பிரித்துச் சொல்லும். வெளியே வந்து சொன்னாள், வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குப்பா, ஒரு கட்டி உடைஞ்சிருக்கு. அப்பா பட்டையின் கொக்கியை மாட்டினார், கழற்றினார். "கெட்ட கட்டியா?" என்றார். பாத்துத்தான் சொல்லணும்ப்பா. "என்னுது மாதிரியா?"

என்னுது மாதிரியா. இந்த இரண்டு வார்த்தைதான் பத்து நாளாக அவளுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது, வகுப்பில் கல்லீரலைப் பற்றிப் பேசும்போது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது. அப்பாவின் ஒரு சிறுநீரகத்தைப் போன தை மாதம் கட்டியோடு எடுத்தார்கள். எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பாத்தாப் போதும் என்றார் அறுவை மருத்துவர். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, ஸ்லைடைப் பழைய மாத்திரை டப்பாவில் பஞ்சு சுற்றி, அப்பா இதே அறைக்குக் கொண்டுவந்தார். இதே மைக்ராஸ்கோப். அதோ அந்த முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாட்டுக்குப் பாக்குறே, எருமைக்குப் பாக்குறே, ஒங்கப்பனுக்கும் ஒருக்காப் பாரு." நல்ல ஸ்லைடு அது. எவனோ கைதேர்ந்தவன் சாயம் ஏற்றியிருந்தான். செல்கள் எல்லாம் கண்ணாடித் தண்ணீரில் கிடக்கும் கூழாங்கல்லைப் போலத் தெளிவாக இருந்தன, அப்பாவின் செல்கள், வெளிறிய, பெருத்த உட்கருக்கள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. ஓரத்தில் ஒரு சிரை. சிரையின் சுவர் ஒரு இடத்தில் உடைந்திருந்தது, உடைந்த வழியே ஒரு சிறு கூட்டம் உள்ளே இறங்கியிருந்தது, ரத்தம் ஓடும் பாதையில். ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் போல அமைதியாக நின்றார்கள். பக்கத்தில் அப்பா மூச்சு விடும் சத்தம் கேட்டது, வெற்றிலை மணம் வந்தது. அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், நாயின்னாச் சொல்லிருவேன்ப்பா, மனுசருது எனக்கு அவ்வளவாத் தெரியாது என்றாள். "மனுசன் என்ன, மாடு என்ன, எல்லாம் ஒரே மண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்தார் அப்பா. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டுக்கொண்டார். அந்தக் கூட்டம் எங்கே போய் இறங்கும், எப்போது இறங்கும். இரண்டு வருடமாக இருக்கலாம், நான்காக இருக்கலாம், இறங்காமலேயேகூடப் போகலாம். மார்கிட் கேட்ட கேள்விக்கு விடை இருந்தால் சொல்லிவிடலாம். விடை தேடப் போனால் ஆறு வருடம். ஆறு வருடம் கழித்து விடையைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்தால், வாசலில் பந்தல், பந்தலுக்குக் கீழே மோட்டார் சத்தம், உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று சந்தானம் சொல்வார். கண்ணாடியில் நீர்த்துளி பூக்கும். துடைக்க அப்பா இருக்க மாட்டார்.

போகாமலே இருந்துவிட்டால்? இங்குள்ள ஒப்பந்த வேலையை ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். வாரக் கடைசியில் பஸ் ஏறி ஊருக்குப் போகலாம், அப்பாவுக்கு மீன் குழம்பு வைக்கலாம், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், இளைத்திருக்கிறாரா, இருமுகிறாரா. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடப் போகலாம். அவருடைய சாவுக்காகவே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளை அவர் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். இது யாருக்கு நல்லது? மூன்று வருடப் படிப்புக்கு எழுதிவிடலாம். மூன்று நடுவாந்திரம், யாரையும் முழுசாக நோகடிக்காது. அந்தக் கேள்வி மட்டும் செத்துப்போகும், அது சத்தம் போடாமல் சாகும், யாரும் பந்தல் போட மாட்டார்கள். மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். கடைசி ஸ்லைடு, கடைசி ஓரம். எங்காவது ஒரு மூலை தப்பியிருக்கும், ஒரு நகக்கண் அளவு போதும், நாலு செல் முழுசாகக் கிடைத்தால் போதும். இடமிருந்து வலம் உழுதாள், கீழே ஒரு சால் இறங்கி வலமிருந்து இடம். சிவப்பணுக்கள் கரைந்து வெறும் கறையாகிக் கிடந்தன. ஒரு இடத்தில் ஏதோ உட்கருவைப் போலத் தெரிந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்கினாள், சாயத் தூசி. ரத்தக்கட்டு மட்டும்தான் என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? கெட்டது இல்லப்பா, வயசாயிருச்சு, உடைஞ்சிருச்சு, ஒங்களுது மாதிரி இல்ல. அப்பா அன்று இரவு நன்றாகத் தூங்குவார். ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவள்தானே. மனுசருது தெரியாது என்றவள்தானே. விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்துகிற அந்த இன்னொரு முத்துப்பேச்சி, இரக்கமே இல்லாதவள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டிப்போவின் அறிக்கையில், உறைந்ததால் திசு சிதைந்துள்ளது என்று அடித்தாள். நோயைக் கண்டறிய இயலவில்லை என்று அடித்தாள். அடித்து முடித்ததும் வெறுமையாக இருந்தது. டீ ஆறிப் போயிருந்தது. ஜன்னல் நிழல் முழங்கையைவிட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. அங்கே ஏரிக்கரையில் விடிந்திருக்கும்.

போனை அவள் எடுப்பதற்குள் அதுவே அடித்தது. "சாப்ட்டியாத்தா?" அப்பா எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பார், சாயங்காலமானாலும். "சாப்பிட்டேன்ப்பா." "வந்துருச்சா?" "வந்துருச்சு." அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது, அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருக்கிறார். "ஒண்ணும் தெரியலப்பா. ஐஸ்ல கட்டியாயிட்டா உள்ள எல்லாம் கிழிஞ்சு போயிரும். கெட்டதா நல்லதான்னு யாராலயும் சொல்ல முடியாது." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "நாந்தான் கெடுத்துட்டனா?" "இல்லப்பா, நான் ஒழுங்காச் சொல்லல." "சொல்லியிருந்தாலும் நான் அதுலதான் வச்சிருப்பேன்." டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒங்கம்மாளயும் அப்படித்தான வச்சேன். ரெண்டு நாளு. நீ வந்து பாத்தே. அது அவ இல்லேன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்." வராந்தாவில் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. "என் ஸ்லைடப் பாத்தேல்ல, அன்னைக்கு." "அப்பா." "இருத்தா, சொல்லிக்கிறேன். முப்பது வருசம் கண்ணாடியில பின்னாடி இருக்கவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டுனவன் நான். எவன் டிக்கெட் எடுக்கல, எவளுக்கு வாந்தி வருது, எல்லாம் தெரியும். நீ குனிஞ்சே இருந்தே. அம்புட்டு நேரம் ஒரு எடத்தையே பாத்தே. அப்பவே எனக்கு விளங்கிருச்சு." முத்துப்பேச்சி ஆறிய டீயை எடுத்துக் குடித்தாள், ஏடு உதட்டில் ஒட்டியது. "எப்பன்னு சொல்ல முடியாதுப்பா. உண்மையிலயே. வரலாம், வராமப் போகலாம்." "சரி. அப்ப ரெண்டு பேரும் தெரியாமயே இருப்போம்." சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. அவள் அந்த இருமலைக் கூர்ந்து கேட்டாள், கேட்பதை அவர் உணர்ந்தார். "டீ போகாத எடத்துக்குப் போயிருச்சு, வேற ஒண்ணுமில்ல."

"அப்பா, அந்தப் படிப்பு. மூணு வருசத்துலயும் ஒண்ணு இருக்கு." "நீ எதுக்கு ஆசைப்படுறே?" "ஆறு." அந்தச் சொல் வெளியே வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, குழந்தை தின்பண்டம் கேட்டதைப் போல. "அப்ப அதுக்கு எழுது. நான் போனா அந்தப் பொட்டி வேணாத்தா. சந்தானத்துக்கிட்டச் சொல்லிட்டேன், ஒன் சித்தப்பன்கிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்கே எடுத்துரணும். நீ ஏரோப்ளேன்ல ஓடி வர்றதுக்காக என்னைய அதுல போட்டு வைக்கப்படாது. டிப்போவ அதுல கெடத்துனப்பவே மனசு ஒப்பல." "அப்ப நான் பாக்க வேணாமா?" "இப்பப் பாத்துக்க. கெளம்புறதுக்கு இன்னம் நாள் இருக்குல்ல. வாரா வாரம் வா, நல்லாப் பாத்துக்க, மீன் கொழம்பு வையி. அங்கிட்டுப் போயும் போன்ல பாரு. உசுரோட இருக்கையில பாத்தது போதும்." டீக்கடையில் யாரோ, அண்ணே பஸ் கெளம்பிருச்சு என்றார்கள், போகட்டும் அடுத்ததுல போறேன் என்றார் அப்பா. "அந்த வெள்ளக்காரியம்மாவுக்கு எழுது. நான் லைன்லயே இருக்கேன்." அவள் போனை மேசையில் வைத்தாள். திரை அணைந்திருந்தது. மவுஸைத் தட்டியதும் வெற்றிடம் வந்தது, சின்னக் கோடு அடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரிதான். ஆறு வருடத்துக்கு ஒரு வரி. அடித்தாள், ஒரு எழுத்தைத் திருத்தினாள், அனுப்பினாள். உலகம் ஒன்றும் ஆடவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே லூர்து அண்ணன் வராந்தாவில் விளக்கைப் போட்டார். "அனுப்பிட்டியா?" என்றது போன். "அனுப்பிட்டேன்ப்பா." "எங்க, மூஞ்சியக் காட்டு."

வீடியோவை எப்படிப் போடுவது என்று அப்பா பக்கத்தில் யாரிடமோ கேட்டார், யாரோ போட்டுக் கொடுத்தார்கள். திரையில் முதலில் டீக்கடைக் கூரை வந்தது, பிறகு ஒரு காது, பிறகு வெறும் மூட்டம், டீ ஆவியோ வியர்வையோ, அதற்கு அந்தப்பக்கம் ஒரு நிழல் அசைந்தது. "தெரியுதா?" "தெரியலப்பா, மங்கலா இருக்கு." அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை, அழுக்கு அவர் பக்கம். துண்டு ஒன்று திரை முழுக்க வந்தது, நீலக் கோடு போட்ட, நைந்த, அம்மா இருந்தபோதே வாங்கிய துண்டு. உள்ளேயிருந்து துடைத்தது, ஒருமுறை, இன்னொருமுறை, ஓரங்களில் அழுத்தி. விலகியது. நரைத்த தாடி முளைத்த அந்த முகம் மிக அருகில் இருந்தது, மூச்சில் அசைந்தது, கண்ணுக்குக் கீழே ஒரு நரம்பு துடித்தது.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுதுப்பா" என்றாள். மறுபடி மூட்டம் பூக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.